ஊசிக்குப் பிறகு விறைப்பு: என்ன பார்ப்பது, யாரிடம் சொல்வது

2021இல் அம்மாவுக்குக் கொரோனாவுக்கான இரண்டாவது சினோபாம் ஊசியை, இலங்கையின் வன்னியில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டார்கள். மூன்றாம் நாள் காலை முற்றம் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாற்றை வேலியில் சாத்திவிட்டு, "பிள்ளை, ரெண்டு பாதமும் விறைக்குது. ஊசி நரம்பில இறங்கீட்டுது போல" என்றார். பக்கத்து வீட்டு அக்காவும் அதையே சொன்னார். காட்டப் போன ஓர் இடத்திலும், காலைத் தொட்டுக்கூடப் பாராமல், "ஊசிக் குணம், போகப் போகச் சரிவரும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

சரி என்று இரண்டு மாதம் நல்லெண்ணெய் பூசி உருவினோம். இரவில் சுடுதண்ணியில் கால் வைத்தார். ஒரு நாள் காலையில் பார்த்தால் இடது பாதத்தில் பெரிய கொப்புளம். தண்ணீர் கொதித்த சூடு அவருக்குத் தெரியவே இல்லை. அந்தக் கொப்புளத்துக்கு மருந்து கட்டப் போன இடத்தில்தான் இரத்தத்தில் சீனி பார்த்தார்கள். சீனி வருத்தம் வந்து ஏற்கெனவே சில ஆண்டுகள் ஆகியிருக்கலாம் என்றார் வைத்தியர். பாத நரம்புகளைச் சீனி மெல்ல மெல்ல அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஊசி போட்ட கிழமையில்தான் அம்மா அதைக் கவனித்திருக்கிறார், ஏனென்றால் அந்தக் கிழமை எல்லோருமே தங்கள் உடம்பை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். காகம் இருந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. பழத்தைக் காகம்தான் விழுத்தியதா என்பது தனிக் கேள்வி. 'ஊசிக்குப் பிறகு', 'ஊசியால்' என்ற இரண்டு சொற்களுக்கும் இடையில் இருப்பது அதே கேள்விதான். சில வேளைகளில் ஊசியால் நரம்புக்குப் பாதிப்பு வருவதும் உண்டு. அதை மறைக்க நான் வரவில்லை. எது எப்போது வரும், எதை இரண்டு நாள் பார்க்கலாம், எதற்கு அந்த நிமிடமே வாகனம் பிடிக்க வேண்டும் என்பதை முதன்முதலாகப் படிப்பவருக்கும் விளங்கும்படி எழுதப் பார்க்கிறேன்.

நரம்பு என்று எதைச் சொல்கிறோம்

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. கையில் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் "நரம்பு இழுத்திட்டுது" என்கிறோம், அது தசை. மனம் பதறினாலும் நரம்புத் தளர்ச்சி என்கிறோம். வைத்தியர் சொல்லும் நரம்பு இவற்றில் எதுவும் இல்லை. மூளையிலிருந்தும் முள்ளந்தண்டிலிருந்தும் உடம்பெங்கும் ஓடும் செய்திக் கம்பிகளையே அவர் சொல்கிறார். வயல் கிணற்று மோட்டருக்குப் போகும் வயரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்பு, வெளியே உறை. நரம்புக்கும் அப்படி ஓர் உறை உண்டு. உறை பழுதானால் செய்தி தடுமாறும், தாமதிக்கும், நின்றே போகும்.

இந்தக் கம்பிகளில் சில உணர்வை மேலே கொண்டுபோகின்றன, சில அசைவுக் கட்டளையைக் கீழே கொண்டுவருகின்றன. உணர்வுக் கம்பி பாதிக்கப்பட்டால் எறும்பு ஊர்வது போல, முள் குத்துவது போல, எரிவு போல, பஞ்சில் நடப்பது போல இருக்கும். அசைவுக் கம்பி பாதிக்கப்பட்டால் பலம் குறையும். செருப்பு காலை விட்டுத் தானாகக் கழரும், தேத்தண்ணிக் கோப்பை கை நழுவும்.

இப்போது 'விறைப்பு' என்ற சொல்லைப் பாருங்கள். தொட்டால் தெரியவில்லை என்பதற்கும் விறைப்பு என்கிறோம். மடக்க முடியாமல் இறுகிப்போயிருப்பதற்கும் விறைப்பு என்கிறோம். தூக்க முடியவில்லை என்பதற்கும் சிலர் அதையே சொல்வார்கள். கேட்கும் வைத்தியருக்கு இவை மூன்று வேறு நோய்கள். அவர் தென்பகுதியிலிருந்து வந்த, சிங்களம் பேசுபவராக இருந்து, இடையில் ஒருவர் மொழிபெயர்க்க நேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். அதனால் விறைப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். "தொட்டால் தெரியுதில்லை", "மடக்கேலாமல் இருக்கு", "தூக்கப் பலம் இல்லை" என்று பிரித்துச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், வைத்தியரிடம் போகும் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான்.

ஊசி போட்ட இடத்திலும் அதே நாளிலும்

ஊசி போட்ட கை ஒன்றிரண்டு நாள் உளைவதும், அந்த இடம் தடிப்பதும், காய்ச்சலும் உடம்பு நோவும் வருவதும் உடம்பு வேலை செய்வதன் அறிகுறிகள். பரசிற்றமோல் போதும்.

ஊசி ஏறும் அதே கணத்தில் கரண்ட் அடித்தது போலக் கை நெடுக ஒரு வலி ஓடினால் உடனே சொல்லுங்கள். ஊசி நரம்புக்கு மிக அருகில் பட்டிருக்கலாம். இது அரிது. இதைத் தவிர்க்கத்தான் பெரியவர்களுக்குத் தோள் தசையின் தடித்த பகுதியிலும், கைக்குழந்தைக்குத் தொடையின் முன்வெளிப் பக்கத்திலும் போடுகிறார்கள். பிருட்டத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடாததற்குக் காரணம், அங்கே காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுவது. ஊசி தோளில் மிக மேலே ஏறிவிட்டால் மூட்டுப் பகுதி அழன்று, கையை உயர்த்த முடியாத வலி கிழமைக்கணக்கில் நிற்பதும் உண்டு. அது தோள் மூட்டுப் பிரச்சினை, வைத்தியம் உள்ளது.

பள்ளிக்கூடங்களில் நடப்பது வேறு. ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எதிரான ஊசி, ஏழாம் வகுப்பில் ஏற்பு (டெட்டனஸ்) ஊசி. வரிசையில் காலையில் சாப்பிடாமல் வந்த ஒரு பிள்ளை மயங்கி விழும். அதைப் பார்த்த இன்னும் இரண்டு பேருக்கு மூச்சு வேகமாகும், உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊரும், விரல்கள் மடங்கி இறுகும். பயத்தில் வேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைகிறது, அதனால் நரம்புகள் துடிப்பாகின்றன. ஊசிக்குள் இருந்த மருந்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் பிள்ளை நடிக்கவும் இல்லை. அதன் உடம்பில் நடப்பது அத்தனையும் உண்மை. "சும்மா நடிக்கிறாள்" என்று சொல்லும் ஆசிரியர்களை நான் பார்த்திருக்கிறேன், மனம் நொந்திருக்கிறேன். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, கூட்டத்தை விலக்கி, மெதுவாக மூச்சு விடச் சொன்னால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெளியும். முகமோ தொண்டையோ வீங்கினால், உடம்பெங்கும் தடித்தால், மூச்சு இழுத்தால் அது ஒவ்வாமை. அங்கேயே உடனே மருந்து ஏற்ற வேண்டும். ஊசி போட்ட பிறகு இருபது, முப்பது நிமிடம் இருக்கச் சொல்வது அதற்காகத்தான். பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள்.

குழந்தைக்கு வலிப்பு

ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடும் சின்னமுத்து ஊசிக்குப் பிறகு ஏழு முதல் பத்து நாளில் சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலில் ஏறத்தாழ மூவாயிரம், நாலாயிரம் ஊசிக்கு ஒருவருக்கு வலிப்பும் வரக்கூடும். பார்ப்பவருக்கு உயிர் போய்விடும் போல இருக்கும். ஆனால் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நிற்கும், மூளையைப் பாதிக்காது. சின்னமுத்து நோய் வந்தால் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையழற்சி வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வலிப்பு வந்த குழந்தையை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. அந்த நேரத்தில் மணிக்கூட்டைப் பார்ப்பது பெரிய உதவி. ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். உடனே நின்றுவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரியில் காட்டத்தான் வேண்டும்.

ஏறும் பலவீனம்

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் நோய். பெயர் கில்லன் பாரே. 1916இல் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற பிரெஞ்சு வைத்தியர்கள் அதை விவரித்தார்கள். உடம்பின் காவற்படை ஒரு கிருமியை எதிர்க்கப் புறப்பட்டு, அடையாளம் மாறி, நரம்பின் உறையையே தாக்கிவிடும் நிலை இது.

எந்த ஊசியும் போடாத இடத்திலும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு இது வருகிறது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு முந்தைய ஆறு கிழமைக்குள் ஒரு வயிற்றோட்டமோ தடிமன் காய்ச்சலோ வந்திருக்கும். நன்றாக வேகாத கோழி இறைச்சியிலும் அழுக்குத் தண்ணீரிலும் வரும் கம்பைலோபக்டர் என்ற கிருமிதான் முதல் குற்றவாளி. மாரி வெள்ளத்தில் கிணறு நிரம்பி, வீட்டுக்கு வீடு வயிற்றோட்டம் நடமாடும் காலம் வன்னிக்குத் தெரியாததா?

தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு, மிக அரிதாக. 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சல் ஊசி சுமார் நாலரைக் கோடி பேருக்குப் போடப்பட்டபோது, ஏறத்தாழ லட்சத்துக்கு ஒருவருக்கு இந்த நோய் கூடுதலாக வந்ததைக் கண்டு அந்தத் திட்டத்தையே நிறுத்தினார்கள். இப்போதைய சளிக்காய்ச்சல் ஊசியில் அந்தக் கூடுதல் பத்து லட்சத்துக்கு ஒன்றோ இரண்டோ. கொரோனா ஊசிகளில் அஸ்ட்ராசெனெகா, ஜான்சன் ஆகிய இரண்டோடும் இந்தத் தொடர்பு கண்டறியப்பட்டு, 2021இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை மிக அரிய பக்கவிளைவாகப் பதிந்தது. முறைப்பாடுகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் இருந்ததால்தான் இத்தனையும் தெரியவந்தது.

ஊசிக்குப் பிறகு வருவதென்றால் சில நாளிலிருந்து ஆறு கிழமைக்குள் வரும். முதலில் இரண்டு பாதங்களிலும் எறும்பு ஊரும், முதுகு நோகும். பிறகு இரண்டு காலிலும் ஒரே அளவாகப் பலம் குறையும். நேற்றுப் படி ஏறினவர் இன்று கைபிடித்து ஏறுவார், நாளை எழும்ப மாட்டார். பலவீனம் காலிலிருந்து தொடைக்கும், கைக்கும், முகத்துக்கும் ஏறும். மூச்சு விடும் தசைகளைத் தொட்டால் செயற்கைச் சுவாசம் தேவை. ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அந்த நிலை வருகிறது. வைத்தியர் சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டும்போது கால் துள்ளாது.

இதற்கு மருந்து இருக்கிறது என்பதை அழுத்திச் சொல்கிறேன். எதிர்ப்புப் புரதத்தை நாளத்தில் ஏற்றுவார்கள், அல்லது இரத்தத் திரவத்தை மாற்றுவார்கள். முதல் இரண்டு கிழமைக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலானோர் மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்து மீண்டும் நடக்கிறார்கள். எண்ணெய் உருவலிலும் விற்றமின் ஊசியிலும் போகும் நாட்கள்தான் இழப்பு.

அதனால் கூச்சத்தையும் பலவீனத்தையும் பிரித்துப் பாருங்கள். கை ஊன்றாமல் குந்தியிருந்து எழும்ப முடிகிறதா? குதிக்காலில் பத்து அடி நடக்க முடிகிறதா? சட்டைப் பொத்தான் பூட்ட முடிகிறதா? ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடிகிறதா? காலையில் முடிந்தது மாலையில் முடியவில்லையென்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. விழுங்கும்போது புரைக்கேறினால், குரல் மாறினால், சிறுநீர் வராமல் நின்றால், இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லையென்றால், தலையிடியோடு நினைவு குழம்பினால், ஒரு பக்கம் மட்டும் கை கால் விழுந்தால் அதுவும் அப்படித்தான்.

முகம் ஒரு பக்கம் கோணினால் அன்றே போங்கள், முடிந்தால் அந்த மணித்தியாலமே. அது பக்கவாதமா முகநரம்பு வாதமா என்று வீட்டில் முடிவெடுக்க வேண்டாம். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணித்தியாலமே அவகாசம். முகநரம்பு வாதத்துக்கு மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன், மூடாத கண்ணையும் காப்பாற்ற வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஏற்பு ஊசி போன்றவற்றுக்குப் பிறகு மிக அரிதாக, சில நாளிலோ கிழமைகளிலோ ஒரு தோளில் நித்திரை கொள்ள முடியாத வலி எடுத்து, வலி தணியும்போது அந்தக் கை பலம் இழக்கும். தோள் நரம்புக் கூட்டம் அழன்றதால் வருவது. பெரும்பாலும் மீளும், ஆனால் காலம் எடுக்கும்.

பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கை கால் சோர்ந்தால் ஆஸ்பத்திரியில் இரண்டு முறை மலம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பயப்பட வேண்டாம். போலியோ இல்லை என்று உறுதிசெய்யும் நாட்டு வழமை அது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் காணப்பட்டார். அந்த நிலை நீடிக்க இந்தக் காவல் வேண்டும்.

வன்னிக்கே உரிய இரண்டு விஷயங்கள்

வயல் காவல் கொட்டிலில் நிலத்தில் படுப்பவர்கள் இங்கே நிறையப் பேர். எட்டடி விரியன் இரவில் தீண்டினால் பல் பட்ட அடையாளமே தெரியாமல் போகலாம், வலியும் இராது. விடியப்புறம் வயிற்று நோவு, பிறகு கண் இமை தூங்கிவிழும், விழுங்க முடியாது, மூச்சு தடுமாறும். முந்தின நாள் ஊசி போட்டவருக்கு இப்படி நடந்தால் எல்லோரும் ஊசியைத்தான் நினைப்பார்கள். நிலத்தில் படுத்தாரா என்பதை ஆஸ்பத்திரியில் முதலே சொல்லுங்கள். பயிருக்கு மருந்தடித்திருந்தால் அதையும், முடிந்தால் போத்தலையும் கொண்டுபோங்கள்.

மற்றது, போர் விட்டுப்போனது. அம்மாவின் வலது கெண்டைக்காலில் 2009இலிருந்து ஒரு ஷெல் பீஸ், அதாவது எறிகணைத் துண்டு, இருக்கிறது. விரலால் அழுத்தினால் தோலுக்கடியில் உழுந்து போல உருளும். நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படி. பீஸ் நரம்பை அழுத்தி ஆண்டுகள் கழித்தும் எரிவு தரலாம். அதைவிட முக்கியம், நரம்பு நோய்க்கு எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கச் சொன்னால் உடம்பில் பீஸ் இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பெரிய காந்தம். இரும்புத் துண்டு உள்ளே அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கும் தலைக்கும் முள்ளந்தண்டுக்கும் அருகில் இருந்தால் ஆபத்து. முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து முடிவெடுப்பார்கள். காயத்தைப் பற்றிப் பேசவே சிலருக்குத் தயக்கம், யார் என்ன கேட்பார்களோ என்ற பயம். விளங்குகிறது. எப்படிப் பட்டது என்று விபரிக்கத் தேவையில்லை, "உடம்பில உலோகத் துண்டு இருக்கு" என்றால் போதும்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

உயிர் அவசரமில்லாத கூச்சம், எரிவு, நோவு என்றால் கிட்டவுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு போதும். பலவீனம் கூடிக்கொண்டு போனால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாஞ்சோலை, வவுனியா, மன்னார் என்று உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு நேராகப் போங்கள். நரம்பியல் நிபுணர் தேவையென்றால் அவர்களே யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மூச்சுத் தடுமாறும் நோயாளியை நாமாக ஓட்டோவில் ஏற்றி ஏ9 வீதியில் நெடுந்தூரம் கொண்டுபோவது சரியல்ல.

ஊசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள், குழந்தையென்றால் வளர்ச்சிப் பதிவேட்டை. ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த ஊசி, எந்தத் திகதி, எந்தக் கை, முதல் அறிகுறி எத்தனையாம் நாள், எங்கே தொடங்கி எங்கே பரவியது, முந்தின ஆறு கிழமையில் காய்ச்சலோ வயிற்றோட்டமோ வந்ததா, என்ன மாத்திரை குடிக்கிறார், சீனி வருத்தம் உண்டா. "ஊசியாலதான்" என்று தொடங்காமல் "ஊசி போட்டு நாலாம் நாள் தொடங்கினது" என்று தொடங்குங்கள். கேட்பவரின் கை தானாகப் பேனாவை எடுக்கும்.

ஊசியால் என்று சந்தேகம் இருந்தால் அதைப் பதிவு செய்யும் ஏற்பாடு இலங்கையில் 1996இலிருந்து இருக்கிறது. உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ சொன்னால் அதற்குரிய படிவத்தை நிரப்புவார்கள். ஊசியால்தான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. சந்தேகமே போதும். யாராவது பாராமல் திருப்பி அனுப்பினால் அடுத்த இடத்துக்குப் போங்கள். நாங்கள் அன்றே அப்படிச் செய்திருந்தால் அம்மாவின் பாதத்தில் அந்தத் தழும்பு இருந்திராது.

அடுத்த ஊசியைப் போடலாமா என்பதை வைத்தியரைக் கேட்காமல் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். ஒரு ஊசி போட்டு ஆறு கிழமைக்குள் கில்லன் பாரே வந்தவரென்றால் அடுத்ததற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். மயங்கி விழுந்த பிள்ளைக்கு அடுத்த முறை சாப்பாடு கொடுத்து, படுக்க வைத்துப் போடலாம். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்கும் பெரும்பாலும் தொடரலாம், முன்கூட்டியே சொன்னால் சரி. நாய் கடித்து ஊசி ஏற்றிக்கொண்டிருப்பவர் விறைப்புக்குப் பயந்து இடையில் நிறுத்தவே கூடாது. விசர் நோய் வந்தபின் காப்பாற்ற வழியில்லை.

அம்மா மூன்றாவது ஊசியையும் போட்டார். ஊசி போடும் தாதித் தங்கச்சியிடம் கிளினிக் கொப்பியை நீட்டி, "எனக்குச் சீனி வருத்தம், பாதம் தொட்டால் தெரியாது, கெண்டைக்காலில பீஸ் இருக்கு" என்று தானே சொன்னார். கை இரண்டு நாள் உளைந்தது. அதையும் திகதி போட்டுக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.